வலக்கை தெரியாத டீச்சர்

வெண்ணெய் டப்பாவை மேல் அலமாரியில் ஒளித்து வைத்துவிட்டு, "அந்த டீச்சரு யாருங்க அத்தை?" என்று கேட்க உனக்கு எப்படித்தான் வாய் வருகிறதோ! என் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் கூடிவிட்டது என்று டாக்டர் சொன்னபோது என் மகன் தலையாட்டும் முன்பே நீ ஆட்டினாய். முட்டை போச்சு, வெண்ணெய் போச்சு, ஆட்டு ஈரல் போச்சு. "கொலஸ்ட்ராலப் பத்தி எனக்கா சொல்றீங்க? அது உடம்புல எப்படி உண்டாகுதுன்னு எங்கூட்டு அடுப்படியில வெச்சுத்தான் முடிவு பண்ணுனாங்க" என்று நான் டாக்டரிடம் சொன்னபோது, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தவளும் நீதான். இப்போது கதை வேண்டுமாம். மாமியாரிடம் கதை கேட்கிற மருமகளை ஊட்டியில் இந்தக் காந்தல் பேட்டையில் யாராவது கண்டதுண்டா? போய் அடுப்பில் பாலைப் பார். பார்த்துவிட்டு வந்து உட்கார். வரும்போது அந்த டப்பாவையும் எடுத்து வா. திறக்க மாட்டேன், பக்கத்தில் இருந்தால் போதும்.

அவள் பெயர் உனக்கு வேண்டாம். நானே அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெண்கள் காலேஜில் வேதியியல் நடத்தினாள். காலேஜில் நடத்துகிறவர்களை டீச்சர் என்று சொல்லக் கூடாது என்று அந்தக் காலத்தில் எனக்குத் தெரியாது. பாடம் நடத்தினால் டீச்சர், அவ்வளவுதான். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். உன் மாமனாருக்கு வெலிங்டன் ராணுவ கேம்பில் வேலை. முன் அறை சும்மா கிடந்ததால் வாடகைக்கு விட்டோம். நான் கம்பளிக் கையுறை பின்னி மார்க்கெட் கடைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அவள் படிப்புக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் வலது எது, இடது எது என்று அவளுக்குத் தெரியாது.

சிரிக்காதே. நிஜமாகவே தெரியாது. "வலக்கையத் தூக்குங் டீச்சர்" என்றால் உடனே தூக்க மாட்டாள். கண்ணை மூடிக்கொள்வாள். எதிரில் இலை போட்டிருப்பதுபோல நினைத்து, காற்றில் ஒரு கவளம் உருட்டிப் பார்ப்பாள். எந்தக் கை உருட்டியதோ அதைத் தூக்குவாள். பஸ்ஸில் வழி கேட்கிறவர்களுக்குக்கூட இப்படிச் சோறு உருட்டிக் காட்டித்தான் வழி சொல்வாள். பசியோடு இருக்கிறாள் என்று நினைத்து ஒரு கிழவர் அவளுக்கு பன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

வாடகைக்கு வந்த அன்றைக்கே அவள் லட்சணம் தெரிந்துவிட்டது. "சர்ச் தாண்டி இடது பக்கம்" என்று உன் மாமனார் சொல்லி அனுப்பியிருந்தார். கூலியாள் பெட்டி படுக்கையோடு வந்து இறக்கிவிட்டுப் போய்விட்டான். அவளைக் காணோம். ஊரெல்லாம் பனிமூட்டம். கடைசியில் பந்தய மைதானத்தில் குதிரை மேய்க்கிற ஒருவர் அவளைக் கூட்டி வந்து வாசலில் நிறுத்தி, "ஏனுங்க, இந்தம்மா உங்கூட்டுதுங்களா?" என்றார், தொலைந்த கன்றுக்குட்டியை ஒப்படைக்கிற மாதிரி.

"எங்கூட்டுதுதானுங்க. கட்டி வெச்சுக்கறோம்" என்றேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. குதிரைக்காரரிடம் குதிரைக்கு எந்தப் பக்கம் நடந்தால் சுகம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு தடவை அவளுடன் வேலை செய்கிற பெண்ணுக்குக் கோத்தகிரியில் கல்யாணம். பட்டுப் புடவை, கையில் பரிசுப் பொட்டலம், எல்லாம் சரியாகத்தான் கிளம்பினாள். பஸ் ஸ்டாண்டில் வலது பக்கம் நிற்கிற பஸ்ஸில் ஏறுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஏறியது குன்னூர் பஸ். இறங்கிய இடத்தில் மேளச் சத்தம் கேட்டிருக்கிறது. நேராக உள்ளே போய், பொண்ணு மாப்பிள்ளைக்கு அட்சதை போட்டு, பரிசையும் கொடுத்து, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, சாயங்காலம் வெற்றிலை வாயோடு வந்து நிற்கிறாள்.

"பொண்ணு யாருன்னே எனக்குத் தெரியலைங்கக்கா. மேக்கப்புன்னு நெனச்சுட்டேன்."

"சாப்பாடு எப்படிங் டீச்சர்?"

"அது சரியான எடத்துலதானுங்க வெச்சாங்க."

இப்படி ஒருத்தியை வீட்டில் வைத்துக்கொண்டு நான் சும்மா இருப்பேனா? சிவப்புக் கம்பளி நூலைத் திரித்து அவள் வலது மணிக்கட்டில் கட்டிவிட்டேன். "இது கட்டுன கை சோத்துக் கை. மறக்காதீங்" என்றேன். நாலு பேர் கேட்டால் நேர்த்திக்கடன் என்று சொல்லச் சொன்னேன். ஆனால் கட்டிவிட்டவள் நானல்லவா, கை ஊறாதா? அவள் ஈசிச்சேரில் அசந்து தூங்கிய ஒரு மத்தியானம், நூலை அவிழ்த்து அடுத்த கையில் கட்டிவிட்டேன். எழுந்து தேத்தண்ணீர் டம்ளரை எடுக்கப் போனவள் நின்றாள். நூலைப் பார்த்தாள். பிறகு இரண்டு கட்டைவிரலையும் பார்த்தாள். வலது விரலில் பழைய தீக்காயத் தழும்பு இருந்தது. பிறகு காற்றில் ஒரு கவளம் உருட்டினாள்.

"நூலு ஒண்ணு சொல்லுது, தழும்பும் சோறும் வேற சொல்லுது. நூலு பொய் சாட்சி" என்று சொல்லி என் முகத்தைப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நான் ஒரு சாட்சிய மட்டும் எப்பவுமே நம்பறதில்லைங்கக்கா. அதுலயும் என்னைய நானே நம்பறதேயில்ல" என்றாள்.

இந்தப் பேச்சை நன்றாகக் காதில் வாங்கிக்கொள். பின்னால் வேலை இருக்கிறது.

ஊரில் அவளுக்கு "ஈரல் டீச்சர்" என்று பெயர். விடிந்ததும் மார்க்கெட் கறிக்கடையில் போய் நிற்பாள். வெட்டின சூடு ஆறாத ஆட்டு ஈரல்தான் வேண்டும். ஐஸில் புதைத்துக்கொண்டு காலேஜுக்கு ஓடுவாள். மார்கழிப் பனியில் ஐஸுக்குக்கூட அலைய வேண்டாம், புல்லில் உறைந்திருப்பதையே வாரிப் போட்டுக்கொள்வாள். "ஊட்ல யாருக்குங்க ரத்தசோகை?" என்று கறிக்கடைக்காரர் கவலையாகக் கேட்பார். "யாருக்கும் இல்லைங்க, அரைச்சுப் பாக்கறேன்" என்பாள். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் கேட்பதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குருமாவுக்குக் காய் நறுக்கிக்கொண்டே நான் கேட்டேன். "ஏனுங் டீச்சர், ஈரல அரைச்சு அரைச்சு அதுக்குள்ள என்னத்தத்தான் தேடறீங்?"

முறத்திலிருந்து ஓர் உருளைக்கிழங்கை எடுத்தாள். நாலு திக்கிலும் தீக்குச்சி குத்தினாள். ஒரு குச்சியில் கேரட் துண்டு, ஒன்றில் பீட்ரூட் துண்டு, மிச்சம் இரண்டிலும் பச்சைப் பட்டாணி.

"இந்தக் கெழங்கு கார்பன். பட்டாணி ரெண்டும் ஹைட்ரஜன். நம்ம ஈரல் கொலஸ்ட்ரால் செய்யறப்ப, ஒரு கட்டத்துல இதுல ஒரு பட்டாணி கழண்டு போகோணும். எது போகுதுங்கறதுதான் என்னோட கேள்வி."

"ரெண்டும் பட்டாணிதானுங். எது போனா என்ன?"

"நமக்கு ஒண்ணுதான். உடம்புக்கு ஒண்ணில்ல. ஈரலுக்குள்ள என்சைம்னு ஒண்ணு இருக்குது. அதுக்கு உங்க கையுறை மாதிரி ஒரு வாகு. வலக்கையுறைக்குள்ள எடக்கை ஒழுங்கா போகுமா? அதே மாதிரிதான். எத்தனை கோடி தடவை செஞ்சாலும் அது ஒரே பக்கத்துப் பட்டாணியத்தான் புடுங்கும். அடுத்தத ஏறெடுத்தும் பாக்காது."

பிறகு கிழங்கைத் தூக்கிக் காட்டினாள். கேரட் இடக்கைப் பக்கமும் பீட்ரூட் வலக்கைப் பக்கமும் கீழே இருக்கும்படி பிடித்தால், ஒரு பட்டாணி நம்மைப் பார்க்கும், இன்னொன்று சுவரைப் பார்க்கும். கிழங்கைத் திருப்பிக் கை மாற்றிப் பிடித்தால், சுவரைப் பார்த்தது நம்மைப் பார்க்கும்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சிரித்த சிரிப்பில் அரிவாள்மணை நழுவிவிட்டது. உலகத்தில் வலது இடது தெரியாத ஒருத்தி, வலது இடது தெரிந்தால் மட்டுமே முடிகிற வேலையைத் தேடிப் பிடித்து வந்திருக்கிறாள்! பல்லில்லாதவன் பொரிகடலைக் கடை வைத்த கதை.

"ஏனுங் டீச்சர், இத உட்டா வேற வேலையே கெடைக்கலீங்களா?"

அவளும் சிரித்தாள். பிறகு சொன்னாள்: "உங்களுக்கெல்லாம் வலதும் இடதும் சும்மா கெடைச்சுதுங்கக்கா. நான் ஒவ்வொரு தடவையும் கண்டுபுடிக்கறேன்."

எது போகிறது என்று பார்க்க ஒரு வழியும் வைத்திருந்தாள். ஒரு பட்டாணியில் மையால் புள்ளி வைத்தாள். நிஜத்தில் அது கண்ணுக்குத் தெரியாத குறியாம், பெங்களூரில் இருக்கிற ஒரு மெஷினுக்குத்தான் தெரியுமாம். குறி போட்ட சரக்கை அரைத்த ஈரலுக்குக் கொடுக்க வேண்டியது. அது கொலஸ்ட்ராலாக ஆன பிறகும் குறி இருந்தால், போனது குறியில்லாத பட்டாணி. குறியைக் காணோம் என்றால் அதுவே போய்விட்டது. ஒரு பாட்டிலில் இந்தப் பட்டாணிக்குக் குறி, இன்னொரு பாட்டிலில் அந்தப் பட்டாணிக்குக் குறி. இவ்வளவுதான் சங்கதி. டப்பாவை ஏன் தள்ளி வைக்கிறாய்? நான் பார்க்கத்தானே செய்தேன்.

அப்புறம் ஒரு நாள் வர்க்கி பிஸ்கட் சுடுகிற பேக்கரியிலிருந்து கொஞ்சம் ஈஸ்ட் வாங்கி வந்தாள். மாவைப் பொங்க வைக்குமே, அதேதான். சர்க்கரைத் தண்ணீரில் போட்டுக் கண்ணாடி ஜாடியில் வளர்க்க வேண்டுமாம். காலேஜில் குளிரில் அது கண்ணே திறக்கவில்லை என்று ஜாடியை வீட்டுக்கே தூக்கி வந்தாள். ஊட்டியில் தோசை மாவே மூன்றாம் நாள்தான் புளிக்கும், ஈஸ்ட் மட்டும் என்ன செய்யும்? மாவுச் சட்டிக்குச் செய்வதைத்தான் அதற்கும் செய்தேன். அடுப்போரம் வைத்தேன். சட்டிக்குப் பழைய கம்பளி சுற்றுவோம், டீச்சர் ஜாடியாயிற்றே என்று அதற்குப் புதிதாகவே ஒரு சுவெட்டர் பின்னினேன். கழுத்து வைத்து, நீல நிறத்தில். குழந்தை மாதிரி உட்கார்ந்துகொண்டு நுரைத்தது.

"ஈரல் போதாதுன்னு இது எதுக்குங் டீச்சர்?"

"சாட்சிக்குங்கக்கா" என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை.

அது மதுவிலக்கு இருந்த காலம். ஜாடியின் வாசனை சந்துக்குள் இறங்கியது. எதிர்வீட்டு அம்மாவுக்கு மூக்கு நீளம்.

"ஏனுங்கக்கா, உங்கூட்ல என்னமோ புளிச்ச வாசம் வருதே?"

"டீச்சரு ஊற வெச்சிருக்காங்."

"என்னத்தங்க?"

"அதச் சொல்லக் கூடாதாமா" என்றேன்.

பொய் சொன்னேனா? இல்லையே. சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் செய்தி வேகமாக ஓடியது. ஈரல் வறுவலுக்குத் தோதாக டீச்சர் சரக்கும் காய்ச்சுகிறாள், ஜாடியை யாரும் பார்க்காமல் இருக்கச் சட்டை போட்டு மூடி வைத்திருக்கிறாள் என்று.

இப்படி இருக்கும்போதுதான் சீசன் சமயத்தில் பெங்களூரிலிருந்து பெரிய சார் வந்தார். அவர்தான் டீச்சருக்கு ஆராய்ச்சியில் வழிகாட்டி. தமிழ்க்காரர்தான். ஜீப், கோட்டு, தொப்பி. அவர் கையெழுத்துப் போட்டால்தான் டீச்சர் எழுதியதைப் பல்கலைக்கழகம் வாங்கும். போடாவிட்டால் அத்தனை வருஷத்து ஈரலும் நாய்க்குப் போட்ட மாதிரிதான். காலையிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. என்னைக் கூடவே இருக்கச் சொன்னாள். நான் அடுப்படியில் கையுறையோடு உட்கார்ந்துகொண்டேன். சாப்பாட்டு மேசையும் அங்கேதான், அதன்மேல் புதிதாக ஒரு பட்டாணிக் கிழங்கு குத்தி வைத்திருந்தாள்.

அவர் காபியைக்கூடத் தொடவில்லை, கிழங்கைச் சுட்டிக் காட்டினார்.

"என்னம்மா எழுதியிருக்கே? ஈஸ்ட்டும் கொலஸ்ட்ரால் மாதிரி ஒண்ணு செய்யுது, அதுல சுவரைப் பார்க்கிற ஹைட்ரஜன்தான் போகுதுன்னு வெளிநாட்டுல நிரூபிச்சாச்சு. உயிர்னா எல்லாத்துக்கும் ஒரே வழிதான். ஈரல்ல மட்டும் நம்மளைப் பார்க்கிறது போகுதுன்னு நீ எழுதினா எவன் ஒத்துக்குவான்?"

"அப்படித்தானுங்க சார் வந்துச்சு."

"வந்திருக்காது. நீ மாத்தியிருப்பே. உனக்கு வலது இடது தெரியாதுங்கிறது என் டிபார்ட்மென்ட் முழுக்கத் தெரியும். என் ரூமுக்கு வர்றதா நினைச்சு ஒவ்வொரு தடவையும் ஸ்டோர் ரூமுக்குள்ள போய் வணக்கம் சொல்றவ நீ. குறி போட்ட ரெண்டு பாட்டிலையும் இடம் மாத்தி வெச்சிருக்கே, அவ்வளவுதான். அவமானம் ஒண்ணும் இல்லை. ஒரு வார்த்தையை மாத்தி எழுது. இப்பவே, இங்கேயே கையெழுத்துப் போடறேன்."

ஒரு வார்த்தை. மாற்றினால் டாக்டர் பட்டம். அவள் சிவப்பு நூலைத் திருகிக்கொண்டே நின்றாள். என்னைப் பார்த்தாள். நான் பின்னல் ஊசியைக் கீழே வைத்தேன்.

"மாத்த மாட்டேன் சார்" என்றாள்.

அவர் எழுந்துவிட்டார். போட்ட சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வெளியே எதிர்வீட்டு அம்மா தொடங்கி சந்தில் பாதிப் பேர் வந்து ஜீப்பைச் சுற்றி நிற்பது எனக்குத் தெரிந்தது.

டீச்சர் அடுப்போரம் போனாள். நீலச் சுவெட்டரோடு ஜாடியைத் தூக்கி வந்து அவருக்கு முன்னால் மேசைமேல் வைத்தாள்.

"நீங்க சொல்றது சரிதானுங்க சார். நான் பாட்டில மாத்தக்கூடிய ஆளுதான். எனக்கு என்மேல நம்பிக்கை கெடையாது. அதனாலதான் இத வளத்தேன். அதே ரெண்டு பாட்டிலு. பாதிய ஈரலுக்குக் குடுத்தேன், பாதிய ஈஸ்ட்டுக்குக் குடுத்தேன். ஒரே நாளு, ஒரே கை. ரெண்டையும் பெங்களூரு வந்து உங்க மெஷின்லயேதான் வெச்சுப் பாத்தேன். நான் பாட்டில மாத்தி வெச்சிருந்தா, ஈஸ்ட்டும் மாறித்தானுங்களே வரோணும்?"

அவர் குனிந்து ஜாடியைப் பார்த்தார்.

"ஈஸ்ட்டு மாறலைங்க சார். வெளிநாட்டுக்காரங்க சொன்ன மாதிரியே சுவத்தப் பாக்கறதத்தான் உட்டுது. ஈரல்தான் நம்மளப் பாக்கறத உட்டுது. கடைசிப் பக்கங்கள்ல எழுதியிருக்கேன். நீங்க அதுவரைக்கும் வரல."

"அப்ப எந்தப் பக்கம்ங்கிற பேரையாவது நீ மாத்தி எழுதியிருப்பே இல்லையா?" என்றார். சத்தம் பாதியாகியிருந்தது.

"பேரு எப்படி வேணா எழுதுங்க சார். வலதுன்னு எழுதுங்க, இடதுன்னு எழுதுங்க. ஈரலும் ஈஸ்ட்டும் ஒரே பக்கம் இல்லைங்கறது எப்படி மாறும்? அதச் சொல்றதுக்கு வலது எது இடது எதுன்னு எனக்குத் தெரியோணும்னே இல்லைங்களே."

அப்போது அவள் குரலைக் கேட்டிருக்க வேண்டும் நீ. குன்னூரில் யாரோ கல்யாணத்தில் சாப்பிட்டு வந்தவளா இவள்! மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறி வந்து நிற்கிற ரயில் மாதிரி நின்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு, ஆனால் உச்சியில்.

பெரிய சார் உட்கார்ந்தார். மேசைமேல் கிடந்த பட்டாணிக் கிழங்கை எடுத்துத் திருப்பினார். அவள் எதிரில் நிற்காமல் சுற்றி வந்து அவர் பக்கத்திலேயே நின்றாள், அவர் பார்க்கிற மாதிரியே தானும் பார்க்க. அவர் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் படித்தார். காபியில் ஆடை கட்டிவிட்டது. நான் கையுறையில் கட்டைவிரலையே பின்னி முடித்துவிட்டேன்.

கடைசியில் சிரித்தார். நல்ல மனுஷன்தான்.

"நானா இருந்தா ஈஸ்ட்டை வெச்சுப் பாத்திருக்கவே மாட்டேம்மா."

"ஏனுங்க சார்?"

"எனக்குத்தான் வலது இடது தெரியுமே" என்றார். கோட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "ஈரல் ஒரு வழி, ஈஸ்ட் ஒரு வழி. இதை முதல்ல சொன்னது யாருன்னு கேட்டா என் மாணவின்னு சொல்லுவேன்" என்றார். டீச்சர் மறுபடி சூடாகக் காபி போடச் சொன்னாள். நான் வர்க்கியும் வைத்தேன். தட்டு காலியானது. ஜாடியின் சுவெட்டரை யார் பின்னியது என்று கேட்டார். அவர் பேத்திக்கு ஒன்று வேண்டுமாம்.

அவரை வழியனுப்ப டீச்சர் ஜீப் வரை வந்தாள். அவ்வளவு பெரிய ஜெயம் ஜெயித்த கையால் டிரைவருக்கு வழி காட்டினாள். "சேரிங்கிராஸுக்கு ரைட்ல திரும்புங்க" என்று வாய் சொல்ல, கை இடது பக்கம் நீண்டது. டிரைவர் விழித்தான்.

"நீ கையை மட்டும் காட்டும்மா" என்றார் பெரிய சார். "வாயைத் திறந்தா சாட்சி ரெண்டாயிடுது."

ஜீப் போனது. டீச்சர் நூல் கட்டின கையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டிக்கொண்டே நின்றாள். அந்த ஒரு தடவை மட்டும் கவளம் உருட்டிப் பார்க்காமலே சரியான கையைத் தூக்கியிருந்தாள். பிறகு பட்டம் வந்தது, வேறு ஊரில் பெரிய வேலையும் வந்தது. எந்த ஊருக்குக் கிளம்பி எந்த ஊரில் இறங்கினாளோ, இறங்கிய இடத்தில் நன்றாகத்தான் இருந்திருப்பாள்.

நான் திரும்பினேன். சந்து முழுக்க ஜனம். எதிர்வீட்டு அம்மா முன்னால் வந்து, ரகசியம் மாதிரி என் காதருகே குனிந்தாள்.

"ஏனுங்கக்கா, மதுவிலக்கு ஆபீசரே வந்துட்டாரே! சத்தமெல்லாம் கேட்டுச்சு. ஜாடியோட புடிச்சுட்டாங்களா?"

"புடிச்சாச்சுங்" என்றேன்.

"அய்யய்யோ! யாரங்க?"

"வந்தவரத்தான். எங்க டீச்சரு சாட்சியோட புடிச்சுட்டாங். கையெழுத்து வாங்கிட்டுத்தான் உட்டாங்."